ரமாபாயின் சேனலுக்குள் புகுந்த ஆள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ரமாபாய் பில் அடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மகிழினி போன் செய்தாள். எர்ணாவூர் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவள். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கமே கிடையாது.

"யக்கா, உன் சேனல்ல எவனோ ஒரு வெள்ளைக்காரன் குந்திகினு காசு பத்திப் பேசிகினு கீறான்."

"இன்னாடி ஒளர்றே?"

"நானா ஒளர்றேன்? தொறந்து பாரு. லைவ் போயிகினு கீது. பேரே மாறிப்போச்சு."

ரமாபாய் போனில் திறந்து பார்த்தாள். 'மைதானத்துல ரமா' என்று இருந்த இடத்தில் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர். கையில் மைக்கோடு அவள் சிரித்துக்கொண்டிருந்த படத்துக்குப் பதிலாக ஒரு தங்கக் காசு சுற்றிக்கொண்டிருந்தது. கோட்டு போட்ட ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். கீழே ஓடிய எழுத்து, நீ அனுப்புகிற பணம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்றது. ஆறு வருஷமாக அவள் ஏற்றிய ஆட்டங்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

அவளுக்குக் காது மடல் சூடானது. எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு, வியாசர்பாடி என்று பந்து பார்க்கிற நாற்பதாயிரம் பேர் அவளை நம்பிச் சேர்ந்திருந்தார்கள். அவர்களிடம் எவனோ ஒருத்தன் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பிச்சை கேட்பதுபோல் இருந்தது. அதுவும் எந்த வாரத்தில்? வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எர்ணாவூர்ப் பெண்கள் முதல்முறையாக இறுதிக்கு வந்திருந்தார்கள். எதிரில் ராயபுரம்.

ரமாபாய் வியாசர்பாடியில் பிறந்தவள். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அங்கே பையன்கள்தான் ஆடுவார்கள். ஆட விடாவிட்டால் என்ன, பேசத் தடையில்லையே என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவாள். ஒரு போட்டியன்று மைக்செட்டுக்காரர் ஊருக்குப் போய்விட, யாரோ விளையாட்டாக அவள் கையில் மைக்கைத் திணித்தார்கள். அன்றைக்குப் பிடித்த மைக்கை அப்புறம் யாராலும் பிடுங்க முடியவில்லை. கல்யாணமாகி எர்ணாவூர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த பிறகும் மைக் கூடவே வந்தது. புருஷன் நிலவன் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார்கள். ஆட்டங்களை வெட்டி ஒட்டி, அதிலிருந்துதான் ஏற்றுவாள்.

டிவியில் பேசுகிறவர்களைப் போல அவள் பேசமாட்டாள். "பந்து லெப்ட்ல போவுது, டெபோரா இஸ்துகினு ஓடறா, முன்னால ரெண்டு பேரு மறிச்சிகினு கீறாங்க, இவ கண்டுக்கவே இல்ல, பூந்துட்டா பாரு, பூந்துட்டா" என்று அவள் சொல்லும்போது வேலையாக இருப்பவன்கூடக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டு நாள் முன்னால் ஒரு மெயில் வந்திருந்தது. விளையாட்டு ஷூ தயாரிக்கும் கம்பெனியாம். உங்கள் சேனலைப் பார்த்தோம், உங்கள் அணிக்கு ஷூ தருகிறோம், ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறோம், திறந்து படியுங்கள். பாதிப் பெண்கள் கிழிந்த ஷூவில் ஆடுகிறார்கள். ரமாபாய் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இணைப்பைத் திறந்தாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. வேறொன்றும் வரவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கும் போல என்று எழுந்து சோறு வடிக்கப் போய்விட்டாள்.

இப்போது எடை மேடை அறையில் அந்தச் சிமிட்டல் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"இரு நைனா, கொஞ்சம் இரு" என்று சன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டுப் போனில் வேலையைத் தொடங்கினாள். அவளுடைய மெயில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்று என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள். கோட்டுக்காரன் பேச்சின் நடுவிலேயே அறுந்து போனான். திரை கறுத்தது. ரமாபாய் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பெயரைத் திரும்ப எழுதினாள். தன் படத்தைத் திரும்ப வைத்தாள். ஹாரன் அடித்த லாரிக்காரனுக்குச் சிரித்துக்கொண்டே பில் கொடுத்தாள். அவன் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புதுப் பாஸ்வேர்டு போட்டாள். போனுக்கு வந்த எண்ணையும் போட்டாள். கதவு திறந்தது. வீடியோக்கள் அழிந்துபோகவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவர ஆரம்பித்தாள். நிலவன் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று பார்த்தான்.

"வந்துச்சா?"

"வந்துகினே கீது. அந்த மணலி மேட்ச் வந்துச்சு பாரு. நம்ம மகிழினி பெனால்டி புடிச்சது."

சொல்லி வாய் மூடவில்லை. அவள் கண்ணெதிரிலேயே பெயர் மாறியது. படம் மாறியது. தங்கக் காசு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கை மவுஸின் மேல் இருக்கிறது, ஆனால் யாரோ அவள் தலைக்கு மேலாகக் கை நீட்டி எழுதுகிறான்.

"நான் இங்கயே குந்திகினு கீறேன். புதுப் பாஸ்வேர்டு. எப்டிய்யா பூந்தான்?"

நிலவன் டீயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான். "ராயபுரத்தான் வேலையா இருக்கும். பைனல் வருதுல்ல?"

ராயபுரம் என்றால் பாஸ்கல். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அவனும் ஒரு கால்பந்துச் சேனல் வைத்திருந்தான், அவனும் மைக் பிடிப்பான். நாலு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ரமாபாய் அவன் எண்ணைத் தேடி அழுத்தினாள். அவன் ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"பாஸ்கலு, ஆட்டத்துல ஜெயிக்க முடியாதுன்னு இந்த வேலயா? வெக்கமா இல்ல உனுக்கு?"

அவள் முழுசாகத் திட்டி முடிக்கும் வரை பாஸ்கல் குறுக்கே பேசவில்லை. அப்புறம் கேட்டான்.

"ரமாக்கா, காசு சுத்துதா? கோட்டு போட்டவன் பேசறானா?"

"தெரிஞ்சிகினே கேக்கறியா?"

"போன வருஷம் எனுக்கும் அதான் நடந்துச்சு. அத்த உடு. இப்ப நெட்டுக்கு வர்ற ஒயர் கம்ப்யூட்டர்ல சொருவி கீதா?"

"கீது."

"மொதல்ல புடுங்கு. அப்பால திட்டு."

அவன் குரலில் கேலி இல்லை. ரமாபாய் நிலவனைப் பார்த்தாள். நிலவன் குனிந்து மேசைக்குப் பின்னாலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

"இப்ப போன்லேருந்து பாஸ்வேர்ட மாத்து. எல்லாரையும் வெளிய தள்ளு. கம்ப்யூட்டர் பக்கமே போவாதே" என்றான் பாஸ்கல். "யக்கா, நீ வாசக் கதவுக்குப் பூட்டு மாத்தினே. ஆளு உள்ள கட்டிலுக்கு அடியில படுத்துகினு கீறான்."

"பாஸ்வேர்டும் போட்டு, போன்ல வர்ற நம்பரும் போட்டுத்தானே உள்ள போறேன். அவனாண்ட போன் இல்லியே."

"உள்ள போனதும் பிரவுசர் உன் பேர்ல ஒரு பாஸ் எழுதி வச்சிக்கும், ஒவ்வொரு தபாவும் உன்ன கேக்கக் கூடாதுன்னு. துறைமுக கேட் பாஸ் மாதிரி. அந்தப் பாஸத்தான் அவன் காப்பி அட்ச்சிகினு போறான். கையில பாஸ் இருந்தா கேட்டுல எவன் நிறுத்தப் போறான்? நீ புதுசா உள்ள போனா புதுசா ஒரு பாஸ். அதையும் எடுத்துகினு போறான்."

ரமாபாய்க்கு அது சட்டென்று பிடிபட்டது. பயம் போய் வேறொரு வேகம் வந்தது. எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிட்டது அல்லவா.

"நீ நாளைக்கு இங்க வர்றியா?"

"ஷிப்டு முடிச்சிட்டு வரேன்."

மறுநாள் மத்தியானம் பாஸ்கல் பைக்கில் வந்து இறங்கினான். ஒரு கையில் பென் டிரைவ், இன்னொரு கையில் காசிமேட்டுச் சங்கரா மீன் ஒரு பை. எதிரி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லிப் பையை நீட்டினான். நிலவன் முந்தின நாள் சொன்னதை நினைத்துக் கொஞ்சம் நெளிந்தபடியே அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நெட் இல்லாமலே பிரவுசரைத் திறந்து, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் கருவிகளை வரிசையாகப் பார்த்தார்கள். ஸ்கோர் காட்டுகிற ஒன்று, படத்தின் அளவை மாற்றுகிற ஒன்று. இரண்டும் அவள் போட்டவை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. கடைகளில் விலை குறைந்தால் சொல்லும் உதவியாளர் என்று அதற்குப் பெயர்.

"இத்த நீ போட்டியா?"

"நான் எங்க விலை பாத்தேன்? எனுக்கு இத்தத் தெரியவே தெரியாது."

பாஸ்கல் அதன் அனுமதிகளைத் திறந்தான். நீங்கள் போகும் எல்லா இணையதளங்களிலும் உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. ரமாபாய் அதை வாய்விட்டுப் படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

"தூக்கிப் போடு" என்றாள்.

அவளே நீக்கினாள். பிரவுசரை மூடித் திறந்தாள். அது அங்கேயே இருந்தது. மறுபடி நீக்கினாள். மூடினாள், திறந்தாள். மறுபடி இருந்தது. ரமாபாய்க்குச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளத் தோன்றியது, செருகிக்கொண்டாள். கோல் கம்பத்துக்கு முன்னால் பந்து மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு உதைக்கும்போது அவளுக்கு வருமே ஒரு வெறி, அது வந்துவிட்டது. ஐந்தாவது தடவையும் அது திரும்பி வந்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

"இத்தத் திரும்பத் திரும்பக் கொண்டாந்து வைக்கிறவன் வேற எங்கயோ கீறான். இவன் வெறும் அல்லக்கை" என்றாள்.

"அதேதான்" என்றான் பாஸ்கல். "அன்னிக்கு நீ தொறந்த ஃபைலு. சரி, வைரஸப் புடிக்கிற சாமான் இதுல கீதுல்ல, அது இன்னா பண்ணிகினு இருந்துச்சு?"

ரமாபாய் ஓரத்தில் இருந்த சின்னக் கவசப் படத்தைக் காட்டினாள். அதன் மேல் சிவப்பில் ஒரு குறி. அணைத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடியோ வெட்டுகிற விலை உயர்ந்த புரோகிராம் ஒன்றை எங்கேயோ ஓசியில் பூட்டுடைத்துக் கொடுத்தார்கள். வைரஸ் காவலை அணைத்தால்தான் அது ஓடும் என்று சொன்னார்கள். அவளும் அணைத்தாள்.

பாஸ்கல் சிரித்தான். "நானும் அதே புரோகிராம்தான் வச்சிகினு இருந்தேன்."

அப்புறம் அவன் ஒரு வழிதான் இருக்கிறது என்றான். மொத்தத்தையும் துடைத்துவிட்டு, அவன் வீட்டுச் சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவந்த விண்டோஸைப் புதிதாகப் போடுவது. ரமாபாய் எழுந்து நின்றுவிட்டாள். ஆறு வருஷத்து ஒரிஜினல் ஆட்டங்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. சேனலில் இருப்பதெல்லாம் வெட்டிச் சுருக்கியவை.

"படத்த மட்டும் தனி டிஸ்க்ல எடுத்துக்கலாம். ஓடற புரோகிராம் ஒண்ணுகூட வேணாம். அந்த ஓசிச் சாமான் போவும், நீ அதுல செஞ்சி வச்ச டைட்டிலு, மியூசிக்கு எல்லாம் போவும்."

ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பறந்து வந்து உட்காருகிற மாதிரி எவ்வளவோ பாடுபட்டுச் செய்த டைட்டில் அது. "போவட்டும்" என்றாள் ரமாபாய்.

டிஸ்க் நிறைய வெகுநேரம் பிடித்தது. அதற்குள் மீன் வறுவல் தயாராகிவிட்டது. மூன்று பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். டிஸ்கைக் கழற்றி எடுத்த பிறகு பாஸ்கல் பென் டிரைவைச் செருகினான். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பாஸ்கல் கையை எடுத்துக்கொண்டான்.

"நீயே அமுக்கு. உன் வூடு."

அவள் அழுத்தினாள்.

புதிதாக எழுந்து வந்த திரையில் ஒன்றுமே இல்லை. துடைத்த தரை மாதிரி இருந்தது. முதல் வேலையாகக் காவல் ஓடுகிறதா என்று பார்த்தார்கள், ஒயரைச் செருகி, வரவேண்டிய புதுத் திருத்தங்களை எல்லாம் இறக்கிக்கொண்டார்கள். எடுத்து வைத்த டிஸ்கையும் ஒருமுறை காவலை விட்டுத் தேடச் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. கம்ப்யூட்டருக்குள் நுழைவதையே வீட்டு வேலைக்கும் மெயிலுக்கும் ஒரு கணக்கு, புதுப் புரோகிராம் போடுவதற்குத் தனிப் பாஸ்வேர்டோடு வேறு கணக்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இனிமேல் எதுவாவது திருட்டுத்தனமாக உள்ளே உட்காரப் பார்த்தால் அந்த இரண்டாவது பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பிரவுசரில் கூடுதல் கருவி எதையும் சேர்க்கவில்லை. ஸ்கோர் காட்டுகிறதைக்கூட ரமாபாய் வேண்டாம் என்றுவிட்டாள், ஸ்கோரை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

புதுப் பாஸ்வேர்டு போட்டுச் சேனலுக்குள் போனாள். காசு சுற்றவில்லை, கோட்டுக்காரன் இல்லை. ஆனால் சேனலும் இல்லை. மோசடி நேரலை நடந்ததால் இந்தச் சேனல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. நடந்ததைச் சொல்லி முறையிட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. எப்போது என்று சொல்லவில்லை.

மறுநாள் இறுதி ஆட்டம். பாஸ்கல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய் நின்றான்.

"என் சேனல்ல வாயேன்."

"உன் சேனல்ல நின்னுகினு நான் எர்ணாவூருக்குத்தான் கத்துவேன்."

"கத்து. நான் ராயபுரத்துக்குக் கத்தறேன். யாரு சத்தம் பெருசுன்னு பாக்கலாம்."

திருவொற்றியூர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடல் காற்று பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரே மேசை, இரண்டு மைக். ராயபுரம் முதல் பாதியிலேயே கோல் போட்டது. பாஸ்கல் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தான். ரமாபாய் விடவில்லை. இவள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவன் புகுந்துவிடுவான், அவன் மூச்சு வாங்குவதற்குள் இவள் பிடித்துக்கொள்வாள். கேட்கிறவர்களுக்கு மைதானத்தில் ஓர் ஆட்டம், மேசையில் ஓர் ஆட்டம். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ரமாபாயைத் தேடி அலைந்த ஆட்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எர்ணாவூர் டெபோரா ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடி எட்டி உதைத்தாள். ஒன்றுக்கு ஒன்று.

பெனால்டிக்குப் போனது. ஆளுக்கு நாலு உதையில் மூன்று மூன்று. ஐந்தாவதை எர்ணாவூர் போட்டுவிட்டது. ராயபுரத்துக் கடைசிப் பெண் பந்தை வைத்தாள். கோலில் மகிழினி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். ரமாபாய் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். குரல் வரவில்லை. இத்தனை நேரம் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. அவள் பாஸ்கலின் தோளைத் தட்டி, பேசு என்று சைகை காட்டினாள்.

"ஓடி வர்றா" என்றான் பாஸ்கல். "வலது பக்கம் அடிக்கிறா. மகிழினி சாயறா. புட்ச்சிட்டா. எங்க ராயபுரத்துப் பந்த எர்ணாவூர்ப் பொண்ணு புட்ச்சிட்டா. கப்பு எர்ணாவூருக்கு."

சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ரமாபாய் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு மேசையைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினாள்.

அடுத்த வாரம் சேனல் திரும்பி வந்தது, மறைத்து வைத்திருந்த ஆட்டங்களோடு. ரமாபாய் முதலில் ஏற்றியது எந்த ஆட்டத்தையும் அல்ல. தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த மெயிலைத் திறந்தாள், ஆள் எப்படி உள்ளே வந்தான், எங்கே ஒளிந்திருந்தான், எப்படித் துரத்தினார்கள் என்று தன் பாணியிலேயே மூச்சு விடாமல் சொன்னாள். காவலை அணைத்து வைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். வேறு எந்த வீடியோவுக்கும் வராத அளவு கேள்விகள் அதற்கு வந்தன. அவற்றில் ஒன்று காசிமேட்டிலிருந்து. மீன் ஏலம் எடுக்கிற ஹென்றி என்பவர் கூப்பிட்டு, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, பக்கம் பக்கமாக விளம்பரம் முளைக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று கேட்டார்.

"தூக்கிலாம் போடாதீங்கண்ணே" என்றாள் ரமாபாய். அடுத்த லீவு நாளில் நிலவனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து காசிமேட்டுக்குப் போனாள். ஹென்றியின் பிரவுசரில் கூப்பன் தருகிறேன், வானிலை சொல்கிறேன் என்று கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். இவை திரும்பி வரவில்லை. மூடித் திறந்தபோது பிரவுசர் சுத்தமாக வந்தது. ஹென்றியின் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்ததாகக் காவல் ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.